வியாழக்கிழமைத் தேங்காய்

பால் இன்னும் பொங்கவில்லை. அதற்குள் தன் வாய் பொங்கிவிடுமோ என்று செண்பகவல்லிக்குப் பயமாக இருந்தது. பேச்சுக்குச் சொல்கிற பயம் இல்லை. உள்ளங்கை வியர்த்து, கையிலிருக்கும் கரண்டி வழுக்குகிற பயம். கூடத்தில் அவளுடைய நாத்தனார் மரகதம் பேசிக்கொண்டிருந்தாள். மரகதம் பேசினால் மூன்றாவது மாடியில் இருக்கிற இந்த வீட்டுக்கு மட்டுமா கேட்கும், கீழே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவருக்கும் சேர்த்துத்தான் கேட்கும். "சொந்த அத்தை மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ வெளியில பொண்ணு குடுத்தா ஊர் என்னடா பேசும், தண்டபாணி?" என்றாள். "ஆமாக்கா" என்றார் தண்டபாணி, செண்பகவல்லியின் கணவர். இன்றைக்கு அவர் சொல்லியிருக்கிற ஆமாக்காக்களைத் தொடுத்தால் ஒரு முழம் வரும். "படிப்பை யாரு வேணாம்னா? கல்யாணத்துக்கு அப்புறம் துறையூர்லேருந்து பஸ்ஸுல போய்ப் படிக்கட்டும்." "ஆமாக்கா." பஸ்ஸில் போய்ப் படிக்கட்டுமாம். செண்பகவல்லியையும் இப்படித்தான் ஒரு பஸ்ஸில் ஏற்றுவதாகச் சொல்லி அழைத்து வந்தார்கள். பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் விட்டது. அந்த பஸ் இன்னும் வரவில்லை. இதைச் சொல்லலாம், இப்போதே கூடத்துக்குப் போய் நன்றாகவே சொல்லலாம், ஆனால் சொல்ல முடியாது, ஏனென்றால் இன்றைக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமை செண்பகவல்லி பேச மாட்டாள். கண் விழித்ததிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றும் வரை ஒரு வார்த்தை கிடையாது, எழுதிக் காட்டுவதும் கிடையாது. தலையை ஆட்டலாம், அவ்வளவுதான். எத்தனையோ வருடமாக இருக்கிற மௌன விரதம். உறையூரில் இந்தக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். காய்காரம்மாகூட வியாழக்கிழமையில் கேள்வி கேட்காமல் தானாகவே கத்தரிக்காயைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போவாள். மரகதத்துக்கும் தெரியும். தெரிந்துதான் வாரத்தில் மற்ற நாட்களையெல்லாம் விட்டுவிட்டு இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பாலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. தீயைக் குறைத்தாள். தண்டபாணிக்கு வியாழக்கிழமை என்றால் திருவிழா. நல்ல மனுஷர்தான், அதில் குறை சொல்ல முடியாது. சிகரெட் கிடையாது, குரலை உயர்த்த மாட்டார், ஆனால் மனைவி திட்டக்கூடிய சமாச்சாரம் எதுவாக இருந்தாலும் பத்திரமாக வைத்திருந்து வியாழக்கிழமை காலையில்தான் அவிழ்ப்பார். ஸ்கூட்டரைத் தூணில் இடித்தது வியாழக்கிழமை. கேட்காமலேயே அவளுடைய தையல் மெஷினை மரகதத்துக்குத் தூக்கிக் கொடுத்தது வியாழக்கிழமை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் இவள் பேச ஆரம்பிப்பதற்குள் செய்தி பழசாகிப்போயிருக்கும். கோபமும் ஆறின காபி மாதிரி, குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் கிடக்கும். அதைத்தான் அவர் கணக்குப் போடுவார். இன்றைக்கும் காலையில் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சாயங்காலம் அக்காவும் மாமாவும் வராங்க. நம்ம நித்திலாவுக்குப் பூ வச்சிட்டு, சும்மா தட்டு மாத்திக்கலாம்னு. பெருசா ஒண்ணும் இல்ல." பெருசா ஒண்ணும் இல்லையாம்! தட்டு மாறிவிட்டால் மாறினதுதான். தட்டில் இருக்கிற வெற்றிலை வாடுவதற்குள் துறையூர், முசிறி, தொட்டியம் என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போய்விடும். அதற்கப்புறம் வாயைத் திறந்தால் வாக்குத் தவறின குடும்பம். செண்பகவல்லி தலையை ஆட்டினாள். ஒரு தடவை இல்லை, காதுத் தோடு கன்னத்தில் அடிக்கிற மாதிரி ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் என்ன இருந்தது? போன வருடக் காலண்டர். அதைக் கழற்றச் சொல்லி இவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், வியாழன் தவிர்த்த நாட்களில். காலண்டரையே கழற்றாத மனுஷர் பெண்ணைக் கழற்றி விடப் பார்க்கிறார்.

கழற்றி விடுவதா! மனசுக்குள்கூட இப்படி வார்த்தை தடித்து வருகிறது. பார்த்துக்கொள், இதைத்தான் மரகதம் எதிர்பார்க்கிறாள். அவளுக்கு வேண்டியது செண்பகவல்லியின் சம்மதம்கூட இல்லை, கோபம். மௌனமாக இருந்தால் 'செண்பகம் ஒண்ணும் சொல்லலையே' என்று தட்டை மாற்றிவிடலாம். விரதத்தை உடைத்துக்கொண்டு கத்தினால் இன்னும் வசதி, 'அவ கோவம்தான் தெரிஞ்சதாச்சே' என்று சிரித்துக்கொண்டே மாற்றிவிடலாம். எங்கே நின்றாலும் அடி விழுகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாம் அந்த டம்ளரால் வந்தது. கல்யாணமான புதிதில், மரகதத்தின் மகன் தினகருக்குக் காதுகுத்து. செண்பகவல்லியின் அப்பா பந்தியில் உட்கார்ந்திருந்தார். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, ஓரத்தில் உப்பும் கூட்டும் வைத்தாயிற்று. அவர் சாதத்துக்காகக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவுக்கு அப்படித்தான் பழக்கம், எல்லா இலைக்கும் சாதம் விழாமல் தொட மாட்டார். அப்போது மரகதம் வந்து, "சம்பந்தி, கொஞ்சம் எந்திரிங்க, இவரோட மானேஜர் வந்துட்டாரு, நீங்க அடுத்த பந்தியில உக்காரலாம்" என்றாள். அப்பா எழுந்தார். எழுந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கை கழுவுகிற இடத்துப் பக்கமாகப் போய், சாப்பிடாத கையைக் கழுவினார். அதைப் பார்த்ததும்தான் செண்பகவல்லி கையிலிருந்த பாயச டம்ளரை வீசினாள். யார் மேலும் படவில்லை, தூணில் பட்டது. சேமியா ஒழுகியது. அவ்வளவுதான், அன்றையிலிருந்து சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் அந்தப் பாயச டம்ளரும் கூடவே வந்துவிடும். வளைகாப்பிலும் வரும், கருமாதியிலும் வரும். 'செண்பகம் இருக்காளே, டம்ளரை எல்லாம் ஒளிச்சு வைங்க' என்று மரகதம் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோருக்கும் டம்ளர் ஞாபகம் இருக்கிறது. அப்பா எழுந்து நின்றது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. தன் கோபமே அப்பாவை மறைத்துவிட்டதே என்று நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு எரிகிறது.

"செண்பகம்! காப்பி ஆச்சா? மாமாவுக்கு சக்கரை கொறச்சுப் போடு!" கூடத்திலிருந்து மரகதம். மாமா என்பது மரகதத்தின் கணவர் சபாபதி. வந்ததிலிருந்து சோபாவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். டம்ளர்களை வரிசையாக வைத்தாள். டிகாக்‌ஷன் வாசனை வந்தது, கொஞ்சம் தெம்பாக இருந்தது. காலையில் டிவியில் ஒரு சுவாமிஜி சுயக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார். புலன்களை ஆள்பவனே உலகை ஆள்பவன் என்றார். தண்டபாணி ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டே இன்னொரு வடையை எடுத்தார். இந்த வீட்டில் கட்டுப்பாடு என்பது எப்போதும் அடுத்தவருக்கானது. அவளைப் பார்த்து 'எவ்வளவு பொறுமை, எவ்வளவு அடக்கம்' என்று மாடிப்படியில் பெண்கள் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். சாமிக்காக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் நடக்கிற மாதிரி அவள் வாரத்தில் ஒரு நாள் வாயை மூடிப் பழகினாள். வாயில் வந்ததை உடனே துப்பாமல் வைத்துப் பார்க்க. யாராவது சுண்டினால் உடனே குதிக்கிற பொம்மையாக இருக்காமல், தான் நினைத்தால் மட்டும் குதிக்கிற ஆளாக இருக்க. முதல் வியாழக்கிழமை பல்லைக் கடித்துத் தாடை வலித்தது. அப்புறம் அப்புறம் அது அவளுடைய நாளாக ஆகிவிட்டது. இந்த வீட்டில் சமையலறையில்கூட அவளுக்கென்று ஒரு மூலை கிடையாது, வியாழக்கிழமை மட்டும் உண்டு. அதில் யாரும் கால் வைக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் செருப்போடு ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சந்தேகம், அதுதான் மத்தியானத்திலிருந்து மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது: இது கட்டுப்பாடுதானா, இல்லை பயமா? பயத்துக்கு விரதம் என்று பேர் வைத்துக் குங்குமம் இட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேனா? அடங்கிப் போவதும் தன்னை அடக்கி வைத்திருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கிறது. உள்ளேயிருந்து பார்த்தாலும் சில நேரம் வித்தியாசம் தெரியவில்லையே, கடவுளே.

பொங்கி வந்த பாலைச் சட்டென்று இறக்கி, டம்ளர்களில் காபி கலந்தாள். சமையலறை வாசல்படியில் நித்திலா நின்றாள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம். புடவை கட்டச் சொல்லியிருந்தார்கள், கல்லூரிக்குப் போட்டுப்போன சுடிதாரிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. "காலையிலயே அப்பாகிட்ட கத்திட்டேன்மா, தினகர் மாமாவைக் கட்டிக்க மாட்டேன்னு. அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'அப்படியே உங்கம்மா கோவம்'னாரு. அவ்வளவுதான், பேச்சே முடிஞ்சு போச்சு. அத்தைகிட்ட சொன்னா, பொண்ணு வெக்கப்படுதுங்கறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு நாள் விரதத்தை விட்டுட்டுப் பேசும்மா. நீ பேசாட்டி நீயும் சரின்னு சொன்ன மாதிரிதான் ஆகும். ப்ளீஸ்மா." செண்பகவல்லி மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே உங்கம்மா கோவம். ஆக, டம்ளரை இவள் கையிலும் கொடுத்துவிட்டார்கள். இனி இவள் கோர்ட்டில் நின்று நியாயம் பேசினாலும், வீட்டுக்கு வந்தால் அம்மா கோபம் என்று ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். வாயைத் திறக்கட்டுமா? நாக்கு மேலண்ணத்தில் போய் முட்டியது. ஒரு 'மாட்டேன்' அங்கேயே, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, சூடாக. ஜன்னல் மேடையில் குத்துவிளக்கு இருந்தது, பக்கத்திலேயே தீப்பெட்டி. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, இன்னும் இருட்டவில்லை. விளக்கை இப்போதே ஏற்றிவிட்டால் என்ன? விரதம் முடிந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? நேரம் வைத்தது யார், நான்தானே. தீப்பெட்டியைக் கையில் எடுத்தும்விட்டாள். குச்சிகள் உள்ளே குலுங்கின. நான் வைத்த நேரம். அதனால்தான் அதை மாற்றக்கூடாது. அவர்கள் வைத்த நேரங்களையெல்லாம் மதித்து நடந்தாகிவிட்டது, கல்யாண முகூர்த்தம் முதற்கொண்டு. நானாக வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். இதையும் மரகதம் வந்து உட்கார்ந்த வேகத்துக்குப் பயந்து நகர்த்தினால் அப்புறம் எனக்கென்று என்ன இருக்கிறது? தீப்பெட்டியை வைத்தாள். நித்திலாவின் முகம் சுருங்கியது. அம்மா கைவிட்டுவிட்டாள் என்று அந்த முகம் நினைத்தது. செண்பகவல்லி அவளருகே போனாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள். அது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ.

மரகதம் எழுந்து வந்தாள். கையில் ஒயர் கூடை. "நல்ல நேரம் போயிட்டு இருக்கு, செண்பகம். தாம்பாளத்துல நீயே அடுக்கிக் கொண்டாந்துடு. வெத்தலை பாக்கு, பூ, மஞ்சள், பழம் எல்லாம் இருக்கு. இந்தத் தேங்காய் மட்டும் பாத்து எடு. சமயபுரத்தா பாதத்துல வச்சு வாங்கிட்டு வந்தது, கடைத் தேங்காயி கெடையாது. இது இல்லாம நான் தட்டே மாத்த மாட்டேன்." கூடையைச் சமையல் மேடையில் வைத்தாள். பிறகு இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பேசுகிற குரலில், சிரித்துக்கொண்டே, "நல்லவேளை இன்னிக்கு வியாழக்கிழமை. எல்லாம் அமைதியா முடிஞ்சுடும் பாரு" என்றாள். போய்விட்டாள். அவ்வளவுதான், காது இரண்டும் கொதித்தன. கண்ணுக்கு முன்னால் மேடை, கூடை, காபி டம்ளர்கள் எல்லாம் ஒரு கணம் வெளுத்துப்போயின. டம்ளர் ஒன்றின் மேல் கை போனது. கொதிக்கக் கொதிக்கக் காபி. கூடம் பத்தடி தூரம்தான். கையை எடு. எடு என்று சொல்கிறேன். எடுத்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள், டிகாக்‌ஷன் வாசனையோடு வந்தது. மெதுவாக விட்டாள். அப்போதுதான், இத்தனை வருடத்து வியாழக்கிழமைகளும் இந்த ஒரு மூச்சுக்காகத்தான் இருந்தனவோ என்று தோன்றுகிற மாதிரி, உள்ளே எல்லாம் அமர்ந்து, எதிரில் இருப்பது எதிரில் தெரிந்தது. எதிரில் இருந்தது தேங்காய். குடுமியோடு, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டோடு. தட்டில் வைக்கிற தேங்காய் முழுசாக இருக்க வேண்டும். கீறல் விட்டிருந்தால்கூட மரகதம் பதறிப்போவாள், ஒரு கல்யாணப் பேச்சையே அதற்காக நிறுத்தின ஆள். இது இல்லாம தட்டே மாத்த மாட்டேன். அவளே சொன்னாள். யாரும் சொல்ல வைக்கவில்லை. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பையும் அடக்கிக்கொண்டாள், இன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான்.

குடுமியைப் பிய்த்தாள். நார் விரலுக்குள் புகுந்தது. தேங்காயை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அரிவாளின் பின்பக்கத்தால், வெடுக்கென்று இல்லாமல், நிதானமாக, நடுவரியில் ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டுக்குப் பிளந்தது. நல்ல காய், தண்ணீர் சிந்தாமல் டம்ளரில் பிடித்தாள். சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்க வேண்டும், பேச்சு நின்றது. நித்திலா வாயைப் பொத்திக்கொண்டாள். செண்பகவல்லி முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் டம்ளரோடு கூடத்துக்கு வந்தாள். வந்தவளைப் பார்த்ததும், டம்ளரைப் பார்த்ததும், மரகதம் சோபாவில் பின்னால் சாய்ந்தாள், கை தானாக முகத்துக்கு நேரே வந்துவிட்டது. தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தார்கள், பாவம். செண்பகவல்லி குனிந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மரகதத்துக்கு நீட்டினாள். சமயபுரத்தாள் பாதத்தில் இருந்த தேங்காயின் தண்ணீர். வேண்டாம் என்று சொல்ல முடியாது. மரகதம் முகத்துக்கு நேரே இருந்த கையை இறக்கி வாங்கிக்கொண்டாள், குடிக்கவும் வழி தெரியாமல் கீழே வைக்கவும் வழி தெரியாமல். செண்பகவல்லி உள்ளே போய்த் துருவுமணையையும் தேங்காய் மூடி இரண்டையும் ஒரு தட்டையும் எடுத்து வந்து, கூடத்தின் நடுவில், எல்லோருக்கும் எதிரில் உட்கார்ந்து, துருவ ஆரம்பித்தாள். சரக், சரக். "அடிப்பாவி, சாமி தேங்காயை உடைச்சுட்டியேடி!" என்றாள் மரகதம். "எவ்வளவு பெரிய அபசகுனம்! பாத்தியாடா தண்டபாணி இவ கோவத்தை?" தண்டபாணி பார்த்தார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். கோபம் எங்கே என்று தேடுகிற மாதிரி பார்த்தார். கோபம் இருந்தது, இல்லாமல் என்ன, அடுப்பில் தீ இருக்கிற மாதிரி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. வெளியே அவர்களுக்குக் காட்ட ஒரு துணுக்குகூட இல்லை. "கோவமாத் தெரியலையேக்கா" என்றார் அவர், தன்னை அறியாமல். இன்றைக்கு அக்காவிடம் அவர் சொன்ன முதல் ஆமாக்கா அல்லாத வார்த்தை. சபாபதி விழித்துக்கொண்டு, "என்ன, சட்னியா?" என்றார்.

"டேய், கீழ போய் வேற தேங்காய் வாங்கிட்டு வா" என்றாள் மரகதம். அப்புறம் தான் சொன்னது தனக்கே உறைத்து, "கடைத் தேங்காயி எப்படிடா..." என்று இழுத்தாள். எழுந்த தண்டபாணி ஒற்றைச் செருப்போடு நின்றார். சரக், சரக். வெள்ளையாகத் துருவல் குவிந்தது. செண்பகவல்லி தலையை நிமிர்த்தி நித்திலாவைப் பார்த்தாள். அந்த முகம் இப்போது சுருங்கியிருக்கவில்லை. இது பயமா, கட்டுப்பாடா என்ற அந்த முள்ளைத் தொண்டையில் தேடிப் பார்த்தாள், காணோம். பயந்தவள் நாத்தனாருக்கு எதிரே உட்கார்ந்து அவளுடைய தேங்காயைத் துருவிக்கொண்டிருக்க மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகி, எதிர்மாடியில் யாரோ லைட் போட்டார்கள். மரகதம் டம்ளரை டீப்பாயில் வைத்தாள். "கெளம்புங்க" என்று கணவரை உலுக்கினாள். "இனிமே இந்த வீட்டுல உக்கார எனக்கு என்ன இருக்கு?" அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள், சபாபதி தன் செருப்பைத் தேடினார். செண்பகவல்லி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சமையலறை ஜன்னல் மேடையில் குத்துவிளக்கின் முன்னால் போய் நின்றாள். தீப்பெட்டியை எடுத்தாள். திரி பற்றியது. கும்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கூடத்தில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். விளக்கு ஏறிவிட்டது, இனி அவள் பேசுவாள், இத்தனை நேரம் அடைத்து வைத்ததெல்லாம் இப்போது கொட்டப்போகிறது என்று. காலையிலிருந்து அவள் எத்தனை வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள், தையல் மெஷின், பஸ், காலண்டர், டம்ளர் எல்லாவற்றுக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டை மட்டும் எடுத்தாள். நாள் முழுக்கப் பேசாத குரல் கொஞ்சம் கரகரத்தது.

"நித்திலாவுக்கு இஷ்டமில்ல அண்ணி, தட்டு மாத்த வேணாம்." பிறகு வாசலை மறித்த மாதிரி இல்லாமல், ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "உக்காருங்க. இட்லி வெந்துடும், சட்னி அரைச்சுடறேன். எங்க வீட்டுல யாரையும் சாப்பிடாம எழுப்ப மாட்டோம்."

மரகதம் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள்.  பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.